வெண்கல மணிக்கு வைத்த போட்டி

"இன்னாசி! ஏ இன்னாசி! கயிறு அசையவே இல்லையே!"

டெல்பின் படகின் ஓரத்தில் குனிந்து கத்தினாள். கஸ்பாரும் லூர்துவும் மேலே வந்துவிட்டார்கள். இன்னாசியை மட்டும் காணோம்!

ஐந்து பாகம், அதாவது முப்பதடி ஆழத்தில் மூழ்கிக் கிடந்தது ஒரு பழைய கப்பல். அதன் வெண்கல மணியை இன்று மாலைக்குள் எடுக்காவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும். கடலுக்குள் முங்கிப் பொருள் எடுக்கும் தன் சின்னக் கம்பெனியை டெல்பின் இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் காலையில் அறிவித்தாள்: "மணிய மொதல்ல தொடுறவனுக்குப் புது பைக்!" ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டுவந்த யோசனை. ஆட்களுக்கு உற்சாகம் பொங்கும் என்றார்களாம். பொங்கத்தான் செய்தது!

இந்தக் கரையில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சியின் தாலி அவன் கையில் இருக்கிறதே, கண் அசருவானா? இன்னாசியின் கயிறு எப்போதும் கஸ்பார் கையில்தான் இருக்கும். இன்றைக்கோ, பைக் என்றதும் மேலே நிற்க யாருக்கு மனம் வரும்? மூவரும் கயிற்றைப் படகின் கம்பியில் கட்டிவிட்டு, காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு குதித்துவிட்டார்கள். முதலாளியம்மா டெல்பினும் தடுக்கவில்லை.

இன்னாசியின் கயிறு கம்பியில் உரசி நார் நாராகப் பிரிந்திருந்தது. எத்தனை தடவை இழுத்துக் கூப்பிட்டானோ! கம்பிக்கு என்ன தெரியும்?

லூர்து கயிற்றைத் தொடர்ந்து முங்கிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தான். "மேல்தளம் இடிஞ்சு வழிய அடைச்சிட்டுக்கா! ஆளு உள்ள மாட்டிக்கிட்டான்!"

"காத்தடிக்கிற கம்ப்ரஸர்ல டீசல் பத்து நிமிசம்கூட தாங்காதே!" என்றாள் டெல்பின்.

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். "பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்குக்கா. காலையிலயே பாத்தேன். பைக்குக்காக... யாருட்டயும் சொல்லல."

டெல்பினுக்கு அவனைப் பளாரென்று அறையத்தான் தோன்றியது. ஆனால் அவனை மறைக்க வைத்தது யார்?

"தப்பு என் மேலதாம்ல. பைக்கும் வேணாம், மணியும் வேணாம், அவனக் கொண்டா! மத்த ரெண்டு குழாயையும் மூடு, காத்து பூரா அவனுக்குப் போவட்டும். உன் கயித்த எங்கிட்ட குடு!"

இருவரும் மூச்சடக்கிக் குதித்தார்கள். லூர்து ஓட்டையின் வாயில் நின்றான். கஸ்பார் உள்ளே நுழைந்தான்.

ஒரு நிமிடம்... மாதாவே! கம்ப்ரஸர் இருமியது, திக்கியது, நின்றே போனது!

டெல்பின் அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்திருந்தாள். சுண்டியது! ஒன்று, இரண்டு, மூன்று! உள்ளங்கை கிழிய இழுத்தாள். கஸ்பாரின் தலை தெரிந்தது. பக்கத்தில் லூர்து. நடுவே நீலம் பாரித்த இன்னாசி!

படகில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: "மணி... கையெட்டுற தூரத்துலதான் கெடக்கு."

"இன்னுமா மணி?" என்று டெல்பின் அழுதாள், சிரித்தாள்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. படுத்தபடியே இன்னாசி கையை நீட்டி கஸ்பாரின் கயிற்றைப் பற்றினான்.

"போ மச்சான். நான் பிடிக்கேன்."

கஸ்பார் மூச்சடக்கி முங்கி மணியில் கயிறு கட்டினான்; வெயில் தணியுமுன் அது மேலே வந்தது. யார் முதலில் தொட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லை. கரை தெரிந்ததும் லூர்து அதை அடித்த அடியில் துறையே திரும்பிப் பார்த்தது!

டெல்பின் இப்போதும் பயிற்சி வகுப்புக்குப் போகிறாள், கேட்டுக்கொள்கிறாள். ஆனால் அந்தப் படகின் கம்பியில் கயிறு கட்டுவதில்லை. ஈரத்துணிதான் காய்கிறது.