மூன்றாம் எண்ணில் இருப்பது

குழந்தையின் அறை மின்விசிறிக்கு ஒரு நொண்டல் உண்டு. நாலைந்து சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று தட்டும். மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு, வேலை அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தட்டல் எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும் என்பது அவள் காதுக்கு மனப்பாடமாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, கழற்றிய இரும்பு மூடியும் திருகாணிகளும் சுற்றிலும் கிடக்க, தரையில் சம்மணம் போட்டுச் சர்வரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த டக் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது போல இருந்தது. சத்தம் தேயவில்லை. தூரம்தான் கூடியிருந்தது. நடுவில் ஓர் அறை அளவுக்கு.

"அக்கா, தூங்கிட்டியா?" என்றான் தம்பி, தோளில் இடுக்கியிருந்த போனிலிருந்து.

"உன்னோட பேசினா தூக்கம் வரத்தான் செய்யும். சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்றது? அது பாட்டுக்கு ஓடிட்டிருந்ததை எதுக்குத் தொட்ட?"

ஒரு கப்பல் கம்பெனியின் கணினிகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். ஊர்க் கணினியெல்லாம் அவள் பேச்சைக் கேட்கும். சொந்த வீட்டுப் பெட்டிக்குத்தான் அவளைக் கண்டால் இளக்காரம். மூலையில் நிற்கும் அந்தச் சர்வருக்குள், வெறும் மென்பொருளால் ஆன இன்னொரு பெட்டி ஓடுகிறது. வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அவள் உள்பெட்டி என்பாள். இரும்பும் கம்பியும் அதற்குச் சொந்தமாகக் கிடையாது. அதனால் நெட்வொர்க் கார்டை வெளிப்பெட்டியிடமிருந்து பிடுங்கி, அதன் கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் வீட்டுக்கு இணையம். ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது. வேகம் பற்றவில்லை என்று இன்று காலை பக்கத்தில் இன்னொரு கார்டைச் சொருகினாள். அப்போதிலிருந்து உள்பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"லாக்ல என்ன வருது, படி."

"மூணாம் நம்பர்ல எதுவும் இல்லை. பத்து செகண்டுக்கு ஒரு தரம் இதே பாட்டு. மூணுல எதுவும் இல்லை, மூணுல எதுவும் இல்லை. அடம் பிடிக்கற குழந்தை மாதிரி."

"நிஜக் குழந்தை எப்படி இருக்கா?"

"காய்ச்சல் விடலை. மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்கேன். இரு, தொட்டுப் பாத்துட்டு வரேன்."

மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வீட்டின் நீளத்துக்கும் ஓடும் ஒடுக்கமான நடை அது. வாசல் பக்கத்திலிருந்து முதல் கதவு வேலை அறை, அடுத்தது படுக்கையறை, மூன்றாவது குழந்தையின் அறை, அதோடு சுவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்வருவாள். கண்கள் திரையிலேயே இருக்க, கால்கள் தாமாக மூன்றாவது கதவில் போய் நின்றன. கைப்பிடியைத் திருகி உள்ளே போனாள்.

பெரிய கட்டில். ஆணியில் கணவர் கழற்றி மாட்டிவிட்டுப் போன சட்டை. அவளுடைய இரும்பு அலமாரி.

அவள் நின்றது இரண்டு மூச்சு நேரம்தான் இருக்கும். 'சரியாப் போச்சு, எண்ணக்கூட மறந்தாச்சு' என்று தன்னையே நொந்துகொண்டு வெளியே வந்து, அடுத்த கதவைத் திறந்தாள். குழந்தை அங்கே இருந்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே. மேலே டக். நெற்றியில் புறங்கையை வைத்தாள், சுட்டது.

அப்புறம்தான் கதவருகே வந்து, நடையை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள்.

நான்கு கதவுகள்.

வேலை அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இன்னொன்று. அதே பழுப்பு வர்ணம், அதே கைப்பிடி. ஆனால் மற்றக் கதவுகளின் கீழ்ப்பாதி முழுக்கக் குழந்தை தீட்டிய மெழுகுக் கோடுகள். இதில் ஒரு கீறல் இல்லை. கைப்பிடியைச் சுற்றி வியர்வைக் கறை இல்லை. காலையில் கார்டின் வெள்ளிநிற உறையைக் கிழித்தபோது வந்ததே, மூக்கின் உள்பக்கத்தைத் தொடுகிற அந்தப் புது வாடை, அது அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. வெளியே மத்தியான வெயில் நடை வரை எட்டியிருந்தது. அந்த இடுக்கில் மட்டும் வெளிச்சம் போய்ப் போய்க் காணாமல் போனது.

அதைத் தாண்டித்தான் அவள் இங்கே வந்திருக்கிறாள்.

"டேய்," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "எங்க வீட்டுல எத்தனை ரூம்?"

"என்ன கேள்வி இது? மூணு. வந்தா என்னைக் கூடத்துலதானே உருட்டி விடறீங்க, மறக்க முடியுமா? மாமாகிட்ட சொல்லி நாலாவதா ஒண்ணு கட்டச் சொல்லு."

அவர் ஊரில் இல்லை, நாளைக்குத்தான் வருவார். அவள் குழந்தையின் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. மூன்றில் எதுவும் இல்லை. மூன்றில் எதுவும் இல்லை.

"நடுவுல ஒரு வரி வேற மாதிரி இருக்குடா. மூணு இருபதுக்கு. மூணுல இருக்குன்னு சொல்லிட்டு, உடனே இல்லைன்னு சொல்லுது."

"லூஸ் கான்டாக்டா இருக்கும். பிடிக்கறதுக்குள்ள நழுவிருக்கும். இரு இரு, புதுக் கார்டை எந்த ஸ்லாட்ல போட்ட?"

"ரெண்டாவதுல."

"அட மக்கு அக்கா! நடுவுல ஒண்ணு நுழைஞ்சா, அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் ஒவ்வொரு நம்பர் தள்ளிப் போயிடும். உன் பழைய மூணு இப்ப நாலு. நீ மூணுன்னு எழுதி வெச்சிருக்க, அது ஆளில்லாத கதவைத் தட்டிட்டிருக்கு. நாலுன்னு மாத்து. ஜோலி முடிஞ்சுது."

நாலு. இந்த அறைதான் இப்போது நாலாவது. அவள் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் மார்பு சின்னதாக ஏறி இறங்கியது.

"அக்கா? மாத்திட்டியா?"

"குடுத்துட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? குடுத்தா குடுத்ததுதான். வெளிப்பெட்டியோட கணக்குலருந்தே போயிடும். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே அதுக்குத் தெரியாது. ஒரு வருஷமா இதைத்தானே பண்ணிட்டிருக்க, இன்னைக்கு என்ன புதுசாக் கேக்கற?"

"என்ன சாமான்னு பாத்து எடுக்குமா?"

"அதுக்கு ஏதுக்கா கண்ணு? அந்த நம்பர்ல நிக்கறதை எடுத்துக்கும். அவ்வளவுதான்."

"அப்போ நாலு வேண்டாம்."

"ஏய், ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்டா."

அவள் மடிக்கணினியை மூடினாள். கார்டைப் பிடுங்கிவிடலாம்; ஆனால் சர்வர் இருப்பது அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். வாசலும் அந்தப் பக்கம்தான். ஜன்னலில் கம்பி. எப்படியும் ஒரு தடவை தாண்டியாக வேண்டும். தாண்டுவதென்றால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நிற்காமல், பார்க்காமல், ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு. வாசல் கிரில் பூட்டியிருக்கிறது. சாவி படுக்கையறை அலமாரியில். பூட்டின் முன்னால் போய் நின்று சாவிக்காகத் திரும்பி வர முடியாது. முதலில் சாவி. பக்கத்து அறைதான். எட்டு அடிகூட இல்லை.

நடையில் தலையை நீட்டினாள். அந்தக் கதவு இப்போது ஓர் உள்ளங்கை திறந்திருந்தது.

"கண்ணு, ஒரே நிமிஷம்," என்று தூங்குகிறவளிடம் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் புகுந்தாள். கதவைத் திறந்தே வைத்தாள்.

அலமாரியின் மேல்தட்டில் சாவி இல்லை. துணிகளுக்கு அடியில் இல்லை. மருந்துச் சீட்டுகள், பழைய கண்ணாடி, அவருடைய மூக்குப்பொடி டப்பா மாதிரி இருந்த ஏதோ ஒரு டப்பா. எல்லாவற்றையும் கட்டிலில் வாரிப் போட்டாள். "என்னக்கா உருட்டற?" என்றான் தம்பி. "சாவி." "எங்க கிளம்பற, காய்ச்சல்காரியை விட்டுட்டு?" கீழ்த்தட்டு. இரண்டாம் தட்டு. ஒரு கைப்பையின் உள்பையில் விரல் நுனிக்குச் சில்லென்று தட்டுப்பட்டது. இழுத்தாள். சாவி.

அப்போதுதான், சாவியைப் பிடித்த கை அந்தரத்தில் இருக்கும்போதே, நினைவு வந்தது. மூன்று இருபதுக்கு அவள் நின்றது இங்கே, மூன்றாவது கதவுக்குள். இரண்டு மூச்சு நேரம். மூணுல இருக்கு. உடனே, இல்லை.

இப்போது எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

"அக்கா!" தம்பி கத்தினான், சந்தோஷமாக. "இங்கருந்து உன் வீட்டு நெட்டைத் தட்டிட்டே இருந்தேன், பதில் வருது! வந்துடுச்சு! மூணை எடுத்துக்கிச்சு. நான்தான் தப்பா சொல்லிட்டேன் போல."

"டேய், நிறுத்து. சர்வரை எப்படியாவது..."

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

"போனை வெச்சிட்டா பாரு. வேலை முடிஞ்சா ஒரு தேங்க்ஸ் கிடையாது." சிரித்தான். வைத்துவிட்டான்.

திரும்பினாள். திறந்து வைத்த கதவு மூடியிருந்தது. சத்தமே இல்லாமல். கைப்பிடி திரும்பியது, சுற்றிச் சுற்றித் திரும்பியது, முடிவே இல்லாமல், எதிலும் மாட்டாமல். தோளால் இடித்தாள். மரம் அதிரவில்லை. மலையை இடித்தது போல. ஜன்னலுக்கு ஓடினாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட துணி காற்றில் தூக்கியபடி நின்றிருந்தது. இறங்கவில்லை.

கத்தினாள். குரல் உதட்டைத் தாண்டியதும் நின்றது. தலையணைக்குள் கத்தியது போல.

ஆனால் வெளிச் சத்தம் கேட்டது. அது மட்டும் சுத்தமாகக் கேட்டது. டக். டக்.

"அம்மா."

தூக்கம் கலைந்த குரல்.

"அம்மா, தண்ணி."

கட்டில் கிறீச்சிட்டது. சின்னப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டி வந்தன. நடைக்கு வந்துவிட்டாள். நடக்கும்போது சுவரில் நகத்தை இழுத்துக்கொண்டே வருவது அவள் பழக்கம். எத்தனை சொன்னாலும் விடமாட்டாள். இப்போதும் இழுத்தாள். சர்ர். சுண்ணாம்பில் நகம். இடுப்புயரத்தில். நெருங்கியது. கதவின் நிலைக்கு வந்ததும் நகம் தடுக்க வேண்டும். மரத்தில் ஏற வேண்டும். சத்தம் மாற வேண்டும்.

மாறவில்லை.

சர்ர். ஒரே சுவராக. கதவே இல்லாத சுவராக.

"இங்க பாரு! கண்ணு, இங்க!" நகம் போகும் இடத்தில் இந்தப் பக்கமிருந்து உள்ளங்கையை வைத்து, கூடவே நகர்ந்தாள். ஒரு விரல் கனம்தான் நடுவில். கூடவே போனாள். கதவு முடிந்தது. சுவர் வந்தது. மூலைவரை போனாள். அதற்கு மேல் போக இடம் இல்லை.

பாதங்கள் நின்றன.

"ஏம்மா அந்த ரூம்ல இருக்க?"

அமைதி. ஒரு பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு அமைதி.

"இல்ல. இப்ப சுடல. தொட்டுப் பாரு."

அமைதி.

குழந்தை களுக்கென்று சிரித்தாள். "கை ஜில்லுனு இருக்கு."

சுவரில் குத்தினாள். முட்டியில் தோல் போயிற்று. நெற்றியால் இடித்தாள். வேண்டாம். போகாதே. அது நான் இல்லை. நான் இல்லை.

"நடக்க மாட்டேன். காலு வலிக்குது. தூக்கு."

துணி உரசியது. சின்னப் பாதங்களின் சத்தம் நின்றுபோனது. வேறு பாதச் சத்தம் எதுவும் எழவில்லை.

நகம் மறுபடியும் தொட்டது. சர்ர். அவள் இடுப்புயரத்தில். பிறகு தோளுயரத்தில். நெற்றிக்கு நேராக. அவள் கையைத் தூக்கினாள், நகத்தோடு நகத்தோடு. தலைக்கு மேலே. நுனிக்காலில் நின்றாள். எட்டவில்லை. கட்டிலில் ஏறினாள். எட்டவில்லை.

அம்மா தூக்கினால் அவ்வளவு உயரம் வராது. யார் தூக்கினாலும் வராது.

நகம் ஏறிக்கொண்டே இருந்தது. கூரை வரை. கூரையோடு சுவர் முடிகிறது. அங்கே அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சத்தம் நிற்கவில்லை.