பெயர் சொல்லாமல் கூப்பிட்டேன்

பாலிக் புலாவில் டுரியான் பழத்தோப்பு முடிகிற இடத்தில் காரை நிறுத்தியபோது சனிக்கிழமை காலை எட்டு மணி. நாங்கள் நான்கு பேர். பயிற்சி கொடுக்கும் தயாளன் அண்ணன், என் தம்பி குகன், தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் நூருல், அப்புறம் ரமணியாகிய நான். தோப்புக்காரரின் குடிசையில் ஓர் இரவு தங்கி, பின்னால் இருக்கும் கருங்கல் பாறையில் இரண்டு நாள் ஏறப் பழக வந்திருந்தோம்.

அந்தப் பாறையில் ஆணி எதுவும் அடித்து வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் ஏறுகிறவர் விரிசல் பார்த்து உலோகக் கட்டைகளைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். முன்னால் போகிறவர் விழுந்தால் கடைசியாகச் செருகிய கட்டைதான் கடவுள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக நான் முன்னால் ஏறுவதாக ஏற்பாடு. என் பின்னால் வரக் குகன் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். இரண்டு வருடத்துக்கு முன், ஜார்ஜ்டவுனில் ஒரு பயிற்சிக்கூடத்துச் சுவரில் அவன் ஏறியபோது கயிறு என் கையில் இருந்தது. போன் அடித்தது. ஒரு விநாடி கையை எடுத்தேன். கணுக்கால் உடைந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இனி என்ன ஆனாலும் பிடித்த கயிற்றை விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தயாளன் அண்ணன் சனிக்கிழமை முழுவதும் இரண்டு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புளிக்க வைத்துவிட்டார்.

“மேல போனதும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும் லா. சும்மா ‘ஏறி வா’ன்னா பக்கத்துக் கயித்துல இருக்கறவன் ஏறிடுவான். அப்புறம், வந்து சேர்ந்த ஆளு தன்னைக் கட்டிக்கிட்டு, வாயைத் தொறந்து ‘சேஃப்’னு சொல்ற வரைக்கும் கைய எடுக்காத.”

சாப்பிடும்போது நூருல் என் பக்கம் குனிந்து வேறொன்று சொன்னாள். காட்டுக்குள் யார் பெயரையும் சத்தமாகக் கூப்பிடக் கூடாதாம். கூப்பிட்டால், கேட்கக் கூடாதது கேட்டுக்கொண்டு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளுமாம். நான் சிரித்தேன். ஆனால் மனசில் அது ஒட்டிக்கொண்டது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, குகன் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே கயிற்றைப் பிடித்திருக்க, ஏறினேன். ஆறு கட்டைகள் வைத்தேன். எல்லாம் என்னுடையவை, அடையாளத்துக்குக் குகன் ஆரஞ்சு டேப் சுற்றிக் கொடுத்தவை. உச்சியில் இன்னும் மூன்று கட்டைகளைச் செருகி என்னைக் கட்டிக்கொண்டேன். கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்த தயாளன் அண்ணன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, பாறையின் அந்தப் பக்கம் ஏறத் தயாராக இருந்த நூருலைக் கவனிக்கப் போனார்.

மலையிலிருந்து மேகம் இறங்கியது. விளிம்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒன்றுபோல நின்றன.

மிச்சக் கயிற்றை மேலே இழுத்தேன். அது விறைத்தது.

“நான்தான்,” என்று கீழிருந்து குரல் வந்தது.

கயிறு விறைத்ததும் கீழே இருப்பவர் வழக்கமாகச் சொல்வது அதுதான். கயிற்றை நழுவாமல் நிறுத்தும் பிடிப்பானில் பூட்டினேன். ‘குகன்’ என்று கத்த வாயைத் திறந்தேன். நூருல் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. பெயரை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் கத்தினேன்.

“ஏறி வா!”

கயிறு தளர்ந்தது. இழுத்தேன். இன்னும் தளர்ந்தது. வேகமாகத்தான் வருகிறான் என்று நினைத்தேன். கீழே ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். முதல் கட்டையைக் கழற்றிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவது.

குகன் ஏறினால் ஊருக்கே கேட்கும். மூச்சு வாங்குவான், பாறையைத் திட்டுவான். இன்றைக்குச் சத்தமே இல்லை. என் கைக்கு வந்த கயிறு ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை அடித்தது.

நான்காவது. ஐந்தாவது.

அப்போது வெகு கீழே, அடிவாரத்திலிருந்து ஒரு குரல்.

“அக்கா! என்ன லா, தூங்கிட்டியா? எவ்ளோ நேரம் நிக்கறது? கூப்பிடவே மாட்டேங்குற!”

குகன்.

அப்படியானால் என் கயிற்றில் யார்?

அதே நொடியில் கயிறு இறுகி என் இடுப்பை விளிம்பு நோக்கி இழுத்தது. ஓர் ஆளின் முழு எடை. விளிம்புக்கு ஒரு முழம் கீழேயிருந்து, மெதுவாக:

“அக்கா, விட்டுடாத.”

அதுவும் குகனின் குரல்தான்.

கை எடுத்தால் முடிந்தது. ஆனால் இரண்டில் எது என் தம்பி? இவனாக இருந்து நான் விட்டால், இந்த முறை கணுக்காலோடு போகாது. கையை எடுக்கவில்லை.

ஆறாவது சத்தம் கேட்டது.

எடை குறைந்தது. என் வலப்பக்கம் குளிர் உரசிக்கொண்டு போனது. எனக்குப் பின்னால், நான் கட்டியிருந்த இடத்தில், ஒரு கொக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது.

நான் திரும்பவில்லை. ‘சேஃப்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

“குகன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“குகன்தான்கா! கீழதான் நிக்கறேன்!”

“குகன், ஏறி வா!”

இழுத்துக் குவித்த கயிறு என் காலடியில் இல்லை, முழுவதும் மறுபடி கீழே தொங்கியது. மறுபடி முதலிலிருந்து இழுத்தேன். திட்டிக்கொண்டும் மூச்சு வாங்கிக்கொண்டும் அவன் வந்து சேர்ந்தான். “சேஃப்” என்றான். அப்போதுதான் அழுதேன்.

“ஏன்கா, ஒரு கட்டகூட வெக்காமயா ஏறுன? வழியில ஒண்ணுமே இல்ல. அண்ணே பார்த்தா கொன்னுடுவாரு.”

அவன் என் இடுப்புப் பட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அங்கே ஆறு ஆரஞ்சு டேப் கட்டைகளும், நான் வைத்த வரிசையிலேயே, ஈர மண்ணோடு தொங்கின.

ஒற்றையடிப்பாதை வழியாக மேலே வந்த தயாளன் அண்ணன், நான் கட்டியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். என் கொக்கி, குகனின் கொக்கி. பக்கத்தில் துருப்பிடித்த பழைய இரும்புக் கொக்கி ஒன்று, பூட்டியபடி.

“மொதல்லயே பேர் சொல்லிக் கூப்பிட்டியா?”

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

“அது சேஃப்னு சொல்லுச்சா?”

அதற்கும் தலையை ஆட்டினேன். அவர் முகம் வெளுத்தது. என் மூன்று கட்டைகளையும் அந்தக் கொக்கியையும் அப்படியே விட்டுவிட்டு நடக்கச் சொன்னார். இறங்கும்வரை யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை மதியம் கயிற்றைத் துவைத்து, ஆயர் ஈத்தாமில் எங்கள் ஏழாவது மாடி வீட்டுப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டேன். ஒரு முனை வெளியே தொங்கியது. இரவு வேலை முடித்து வந்த குகன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்குக் கயிற்றை எடுக்கப் போனேன். இழுத்தேன். காய்ந்திருக்க வேண்டிய கயிறு ஈரமாக வந்தது. பாதியில் விறைத்தது.

எட்டிப் பார்த்தேன். கயிறு ஐந்தாவது மாடி வரைதான் தொங்கியது. முனையில் யாரும் இல்லை.

“நான்தான்.”

உள்ளே குகனின் குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. விட்டுவிட வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது இன்னும் ‘சேஃப்’ சொல்லவில்லை. என் வலது கை, நான் சொல்லாமலே, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.