முதுகுச் சுவர்

நாலாவது நாளாகப் பின்சுவர் சூடாக இருந்தது.

திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ஜனவரிப் பனிமூட்டம் ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. மாவிஸ் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ கரி அள்ளிப் போட்டுக் கணப்பு மூட்டியிருப்பதுபோல் ஒரே சீரான சூடு.

கணப்பு மூட்டுவதற்கு அந்தப் பக்கம் வீடு இருக்க வேண்டுமே. இங்கிலாந்தின் லீட்ஸில் அவள் பிறந்து இன்றும் வசிக்கும் தெருவின் வீடுகள் எல்லாம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, ஒரே வாசல், கொல்லைப்புறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்வரிசையை நகராட்சி இடித்துத் தள்ளி நாற்பது வருஷம் ஆயிற்று. இப்போது சுவருக்கு அப்பால் சிமெண்டுப் பூச்சும் கார் நிறுத்தும் வெற்றிடமும்தான்.

நேற்று தங்கை மகள் ஜேனிஸ் போன் செய்தபோது சொல்லிப் பார்த்தாள். “வயசானா கை சில்லுன்னு ஆயிடும் பெரியம்மா, எதைத் தொட்டாலும் சுடும்” என்று ஜேனிஸ் சிரித்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். இனி அடுத்த ஞாயிறு.

சின்ன வயதில் மாவிஸ் இந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் குளிர் காய்வாள். அந்தச் சூடு பின்வீட்டு ஐவி அத்தையுடையது. அத்தை மீன் வறுத்தால் இங்கே பசிக்கும். அத்தை தும்மினால் இங்கிருந்து அப்பா வாழ்த்துச் சொல்வார். சுவருக்குள்ளிருந்து நன்றி வரும். ராத்திரி விளக்கை அணைக்குமுன் “தூங்கு கண்ணு” என்று ஒரு குரல் வரும். செங்கல் அகலம்தான் தூரம். ஆனால் நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தெருக்கோடி வரை நடந்து, பொதுக் கக்கூஸ்களைத் தாண்டி, இருட்டுச் சந்துக்குள் நுழைந்து, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

அதனால்தான் அந்த ஏற்பாடு. கணப்பின் பின்பக்கத்து இரும்புத் தகட்டில் கரி கிளறும் கம்பியால் தட்டுவது. ஐவி அத்தை நிறைமாதமாக இருந்தபோது அம்மா மாவிஸை உட்கார வைத்துச் சொன்னாள்: “மூணு தட்டுனா வான்னு அர்த்தம். பதிலுக்கு ஒண்ணு தட்டுனா வந்துட்டிருக்கேன்னு அர்த்தம். தட்டிட்டு வராம மட்டும் இருந்துடக் கூடாதுடி.”

அன்றும் திங்கட்கிழமை, துணி துவைக்கும் நாள். மாவிஸுக்கு ஒன்பது வயது. இருமல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. அம்மா வீட்டுத் துணியையெல்லாம் பழைய தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். மாவிஸின் ஒரே கவுனும் அந்த மூட்டையில் போயிற்று. ஐவி அத்தை தட்டினால் சலவைக்கூடத்துக்கு ஓடி வந்து கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. மாவிஸ் அப்பாவின் கம்பளிச் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, முட்டிக்குக் கீழே வெறுங்காலோடு, நீளமான முள்கரண்டியில் ரொட்டியைக் குத்தி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று தட்டு கேட்டது.

மாவிஸ் கம்பியை இரண்டு கையாலும் தூக்கி ஒன்று தட்டினாள். கனம் தாங்காமல் அது தகட்டில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. கதவு வரை போனாள். வாசலுக்கு எதிரே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். போன திங்கட்கிழமை இதே கோலத்தில் அவளைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கப் பாட்டுக் கட்டிப் பாடியவர்கள். அம்மா கவுனோடு வந்துவிடட்டும் என்று திரும்பி வந்து ரொட்டியைத் திருப்பிப் பிடித்தாள்.

மறுபடி மூன்று. மறுபடி ஒன்று தட்டினாள். வந்துட்டிருக்கேன்.

ஐந்து முறை அப்படி. ஆறாவது முறை இரண்டு தட்டுதான் கேட்டது. அதற்கும் பதில் தட்டினாள்.

பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டியிருந்தால் ஐந்தாறு பெண்கள் ஓடி வந்திருப்பார்கள். ஐவி அத்தை அந்தச் சுவரைத் தட்டவில்லை. அதுதான் பதில் வந்துவிட்டதே. ஆறு மணிக்கு மில்லிலிருந்து திரும்பிய அவள் புருஷன் வால்டர், கணப்பின் அடியில் கம்பியைப் பிடித்தபடியே கிடந்தவளைப் பார்த்தார். குழந்தையும் பிழைக்கவில்லை.

“ஐவி தட்டுனாளா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா.”

பாவம், தட்டக்கூட நேரமில்லாமல் போய்விட்டாள் என்று தெரு பேசிக்கொண்டது. எழுபது வருஷமாக மாவிஸ் அதை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. வெட்கம்தான். அன்றைக்குக் கால் தெரிந்த வெட்கம், பிறகு இந்த வெட்கம்.

இப்போது மூக்கில் ஏதோ ஏறியது. ரொட்டி வாட்டும் வாசனை.

அவள் வீட்டில் கணப்பு எரிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இரும்புத் தகடும் அழகுக்கு வைத்த கம்பியும்தான் மிச்சம். வாசனை தகட்டின் பின்னாலிருந்து வந்தது. மாவிஸ் பின்வாங்கினாள். ஹீட்டர் ஒயர் காலில் மாட்டியது. விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

போன் மேஜை மேல். எட்டவில்லை. பக்கத்து வீட்டு மாணவர்கள் விடுமுறையில். மறுபக்கத்து வீடு காலி. கத்திப் பார்த்தாள். பனிமூட்டம் குரலை விழுங்கிவிட்டது. நேரம் போயிற்று. ஜன்னல் கறுத்தது. கால் மரத்தது. ஞாயிறு வர இன்னும் ஆறு நாள்.

கம்பி கைக்கு எட்டியது.

வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. மூன்று தட்டினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, சுவருக்குள்ளிருந்து, ஒரு தட்டு.

ஐவி அத்தை வரட்டும். எழுபது வருஷமாகப் பயந்தது அதற்குத்தான். வந்து என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஆனால் ஐவி அத்தைக்குத் தறி ஓட்டிய கை. அவள் தட்டினால் அலமாரிக் கோப்பைகள் ஆடும். இது பலமில்லாத தட்டு. தட்டிய கம்பி கனம் தாங்காமல் தகட்டில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. அதன் பின்னால், செங்கல்லுக்கு அப்பால், சளி கட்டிய சின்ன இருமல்.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

“அந்தப் பசங்க போயிட்டாங்க கண்ணு” என்றாள் மாவிஸ், சுவரில் வாயை வைத்து. “யாரும் சிரிக்க மாட்டாங்க. அப்படியே வந்துடு.”

மூன்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது. ஒரு தட்டு.

பிறகு, ரொட்டியைத் திருப்பிப் பிடிக்கும் சத்தம்.