குரூண் மேட்டில் நின்ற கரி பஸ்

குரூண் மேட்டில் பாதி ஏறியதும் பஸ் நின்றுவிட்டது.

ஜப்பான்காரன் ஆட்சியில் பெட்ரோலுக்கு எங்கே போவது? பஸ்ஸின் பின்னால் பீப்பாய் போல ஓர் அடுப்பு இருந்தது. அதில் கரி எரிந்து வரும் வாயுவில்தான் வண்டி ஓடும்.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க லா!" என்று கத்தினார் டிரைவர் பழனியாண்டி.

தள்ளினார்கள். பஸ் அசையவே இல்லை.

பத்து வயது ரமணி ஜன்னல் வழியே பஸ்ஸுக்குள் பார்த்தாள். அம்மா மருதம்மாளின் மடியில் தம்பி சின்னையா அனலாய்க் கொதித்தான். அவர்கள் வேலை செய்யும் ரப்பர் தோட்டத்தில் மலேரியா மாத்திரை தீர்ந்து பல மாதங்கள் ஆகின்றன. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லக்கூட ஆளில்லை. அலோர் ஸ்டார் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. ஆனால் நாலு மணிக்கு மருந்து அறையைப் பூட்டிவிடுவார்கள்.

"இன்னைக்குப் போய்ச் சேரலைன்னா புள்ள தாங்காதே!" என்று அம்மா அழுதாள்.

ரமணி பஸ்ஸின் பின்னால் ஓடினாள். பழனியாண்டி மூடியைத் திறந்து கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். உள்ளே மரவள்ளிக் கிழங்கு போலப் பெரிய பெரிய கட்டிகள்.

"அண்ணே, கரி ரொம்பப் பெருசா இருக்கே."

"பெருசா இருந்தாத்தான் நாளெல்லாம் நிக்கும். கரி கிடைக்கிற கஷ்டம் உனக்கென்ன தெரியும்? போய் உக்காரு!"

"கரியோட சேர்ந்து வண்டியும் நிக்குதே அண்ணே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழனியாண்டியின் முகம் கடுகடுத்தது. ரமணி நகரவில்லை.

"அம்மா, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவாங்க. பெட்டிக்கு நான்தான் கரி போடுவேன். முழுக் கட்டிய போட்டா மேல மட்டும்தான் எரியும், உள்ள நெருப்பு போகாது. உடைச்சுப் போட்டா ஒவ்வொரு துண்டும் எல்லாப் பக்கமும் எரியும். சட்டுனு சூடேறும்."

பழனியாண்டி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். சின்னையாவின் தலை துவண்டு கிடந்தது. கரி மூட்டையை இழுத்துக் கீழே போட்டார்.

ஆளுக்கொரு கல்லை எடுத்து உடைத்தார்கள். ஒருவர் தூளையும் சேர்த்து அள்ளினார்.

"ஐயா, தூள் வேணாம்! ஒண்ணோட ஒண்ணு அடைச்சுக்கும், காத்து போகாது."

கொட்டைப்பாக்கு அளவுத் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள் ரமணி. அவற்றை அடுப்பில் கொட்டி, நெருப்பை ஊதும் காற்றாடியைச் சுற்றினார் பழனியாண்டி. சற்று நேரத்தில் இஞ்சின் இருமியது, பிறகு உறுமியது. பஸ் மேடேறியது.

அவர்கள் ஓடிச் சேர்ந்தபோது மருந்து அறைக் கதவு பாதி மூடியிருந்தது. கம்பவுண்டர் ஆறே ஆறு மாத்திரை தந்தார். "இதுக்கு மேல என்கிட்ட இல்லம்மா."

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கினார்கள். விடியுமுன் பக்கத்துப் பாயில் இருந்தவரைத் துணியால் மூடித் தூக்கிப்போனார்கள். ரமணி முகத்தில் அப்பியிருந்த கரியைக் கழுவக்கூடப் போகாமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் காய்ச்சல் இறங்கியது. சின்னையா மெல்லக் கண் திறந்தான். கன்னங்கரேலென்று ஒரு முகம் அவனையே உற்றுப் பார்த்தது.

"அம்மா! பேய்!" என்று வீரிட்டான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மருதம்மாள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.