சொல்ல வேண்டாம்

காலை ஆறரைக்குத் தார்சியுஸ் உடலாடியின் முன் நின்றான். ஆளுயரக் கண்ணாடி போன்ற அந்தக் கருவி அவனுடைய குடல், ஈரல், எலும்பு எல்லாவற்றையும் மூன்று நொடியில் பார்த்துவிட்டு, வழக்கம்போல "நலம்" என்றது.

"நலமாம். முதுகு விண்ணு விண்ணுன்னு வலிக்கு" என்றான் மனைவி பொன்மலரிடம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் இரைப்பைச் சுவரிலிருந்து ஒரு கட்டியை அகற்றியிருந்தார்கள்.

"நாளெல்லாம் கிரேன்ல குனிஞ்சே இருந்தா வலிக்காதா?" என்றாள் அவள்.

பொன்மலருக்கு உடலாடி அலுவலகத்தின் 'அரிது' பிரிவில் வேலை. உடலாடி காணும் அறிகுறிகளில், நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைந்தவற்றை மக்களிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். சின்னப் புள்ளிக்கெல்லாம் பயந்து ஊரே மருத்துவமனை வாசலில் கிடந்த காலத்துக்குப் பின் வந்த சட்டம் அது. ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். பெயரில்லாத படங்கள் திரையில் வரும். பொன்மலர் 'சொல்ல வேண்டாம்' என்பதை அழுத்துவாள். ஒரு நாளைக்கு அறுநூறு முறை.

அந்த வார வியாழக்கிழமை, கிரேன் ஏணியில் கால் இரண்டும் மரத்து, தார்சியுஸ் விழுந்தான்.

மறுநாள் அவள் விதியை மீறி அவன் கோப்பைத் திறந்தாள். கடந்த நாற்பத்தொரு நாள் காலையிலும் ஒரே குறிப்பு: 'முள்ளெலும்பில் நிழல். இவ்வகை இரைப்பைக் கட்டி கல்லீரலுக்குப் பரவும். எலும்புக்குப் பரவுவது மிக அரிது. சொல்ல வேண்டாம்.' கீழே ஒப்புதல் தந்தவரின் எண். பல நாட்களில் அது அவளுடையது.

மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தன நாளு?"

"நாப்பத்தொண்ணு. அதுல இருவத்திரண்டு என் கையால."

"எம் முதுகுன்னு ஒனக்குத் தெரியலையா, மலரு?"

"எலும்புல யாரு மொகமும் தெரியாதுங்க."

மாத்திரைகள் கட்டியை அடக்கின. கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். முதல் படம் யாருடைய இடுப்பெலும்போ. ஓரத்தில் அரிசியளவு நிழல். அவள் விரல் அசையவில்லை. மதியம் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

"என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா?"

"இல்ல சார்" என்றாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இவங்க பேரு என்ன?"