தலைகீழாய்க் கிடந்த கல்

“ஐயோ... பெரியவரே!”

கொட்டகை வாசலில் நின்று அலறினாள் தங்கச்சி.

யுரேனியம் தேடும் அந்த முகாமில் எல்லாருக்குமே அவள் தங்கச்சிதான். பாறையில் துளை போடுகிறவனின் கூடப்பிறந்தவள். கதிர்வீச்சு மீட்டர் பிடிப்பது அவள் வேலை.

உள்ளே, பூமிக்கடியிலிருந்து எடுத்த கருங்கல் உருளைகள் மரத்தட்டுகளில் வரிசையாய்... நடுவே முகாமின் தலைமை விஞ்ஞானியான பெரியவர். பின்மண்டை பிளந்து... பிணமாய்!

தகவல் போனதும் வந்த இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“நான் உள்ள வரல. தடயம் கெட்டுடும். ஏட்டு, நீ போய்ப் பாரு. ச்சே... பக்கத்துலதான் என் மச்சினன் மனை போட்டு விக்கிறான். இனிமே எவன்யா வாங்குவான்?”

சட்டென்று, தங்கச்சி பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“நேத்து பெரியவர்கிட்ட என்னடா சொன்னே?”

“‘உங்க மண்டையிலயே துளை போடறேன்’னு... கோவத்துல சொன்னதுங்க!”

“போட்டுட்டே!”

ஏட்டு விலங்கை மாட்டினார். சாவி இன்ஸ்பெக்டரின் பைக்குள் போனது.

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை ஆளாக்கியவன் அவன். தூக்குக் கயிறு கண்முன் ஆடியது.

“ஆயுதம் எங்க சார்?”

“ஆத்துல வீசியிருப்பான்.”

“ஏட்டையா, என்கூட உள்ள வாங்க!”

தட்டுத் தட்டாய்ப் பார்த்தாள். எல்லாம் காய்ந்த கற்கள். ஒன்றைத் தவிர! மேலே உலர்ந்திருந்தாலும் அதன் விரிசலில் ஈரம்... ஈரத்தில் ஒரு நரைமுடி!

“இதாலதான் அடிச்சிருக்கான். கழுவித் திரும்ப வச்சிருக்கான். ஆனா... தலைகீழா!”

“கல்லுக்கு ஏதும்மா தலை, காலு?”

“ஒரே பாறையில உடைஞ்ச துண்டுங்க ஏட்டையா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மாதிரி பொருந்தணும். பொருந்தலேன்னா எங்க யாருக்கும் சோறு இறங்காது. அண்ணன் தூக்கத்துலகூட இப்படி வைக்கமாட்டான்!”

“அப்போ... வெளியாளு!”

“விரிசல் பூரா யுரேனியக் கருந்தூள். தொட்டவனைச் சும்மா விடாது.”

மீட்டரோடு வெளியே வந்தாள்.

அண்ணன் கை... டிக்... டிக்.

கூட்டத்தில் நின்ற முகாம் மேனேஜர் கை... அதே டிக்... டிக்.

“உங்க கை, சார்?”

“என்னையுமா? விளையாடறியா!”

இன்ஸ்பெக்டர் மீட்டரைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

கிர்ர்ர்ர்ர்ர்!

சட்டைக்கை முனையில் மீட்டர் அலறியது. வாசலையே தாண்டாதவரின் சட்டை!

தங்கச்சி மீட்டரை இறக்கவில்லை. “யுரேனியம் உங்க மச்சினன் மனைக்கு அடியிலயும் ஓடுது, அங்க ஒருத்தரும் குடியிருக்கக் கூடாதுன்னு பெரியவர் சொன்னாரு. அதுக்கா சார்... கொன்னீங்க?”

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குத் தாவியது.

ஏட்டின் பிடி முந்திக்கொண்டது!

“சாவியைக் குடுங்கய்யா. இருக்கறது ஒரே விலங்கு. தம்பிக்குக் கழட்டி உங்களுக்குப் போடணும்... பயப்படாதீங்க, தலைகீழா மாட்டமாட்டேன்!”