அபிஷனின் கிண்ணப் பட்டியல்

ஸ்டுட்கார்ட் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை இடைவேளை என்றால் உதைபந்துதான். பிள்ளைகள் வளர்வது ஜேர்மனியில். உயிரை விடுவதோ இங்கிலாந்துக் கழகங்களுக்கு. லண்டனில் ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத பிள்ளை இந்தப் பள்ளியில் யார்? விளையாட்டுச் சட்டையெல்லாம் அங்கிருந்துதானே வருகிறது!

ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கொரு கழகத்தின் பெயர் சொல்ல வேண்டும். அது பெரிய கிண்ணம் வென்ற கழகமாக இருக்க வேண்டும். அப்படி வென்ற கழகங்களின் பட்டியல் பதினொரு வயது அபிஷனின் கொப்பியில் இருந்தது. அவன் சொன்னால் சொன்னதுதான்.

அன்று, இங்கிலாந்திலிருந்து புதிதாகக் குடிவந்த நிரஞ்சனாவும் விளையாட வந்தாள்.

"நான் விகன்," என்றாள்.

அபிஷன் கொப்பியைப் புரட்டினான். "விகனோ? அது இதில இல்லை. வேற சொல்லு."

"அது எங்கட ஊர்க் கழகம். வேற சொல்ல ஏலாது."

"கிண்ணமும் இல்லை, கிண்ணியும் இல்லை!" என்று கோல் காக்கும் நிதுசன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நிரஞ்சனா உள்ளே போய் வகுப்பறை வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளி விட்டதும், "அம்மா, நான் இனி இங்க வரமாட்டன்," என்று அவள் அழுதது அபிஷனின் காதில் விழுந்தது. அவனுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தான். அடக் கடவுளே! லீக் வென்றவர்களை மட்டும் எழுதிவிட்டு, இங்கிலாந்தின் பழம்பெரும் எஃப்.ஏ. கிண்ணத்தை மறந்தே போயிருந்தான். விகன் அதை 2013இல் வென்றிருந்தது. அதுவும் யாரைத் தோற்கடித்து? மான்செஸ்டர் சிட்டியை! அபிஷன் எப்போதும் பெயர் சொல்லி ஆடும் அதே சிட்டியை!

'ஒருவருக்கும் தெரியாதே, விட்டுவிடுவோமா?' என்று நினைத்தான். ஆனால் நிரஞ்சனாவின் அழுகைக் குரல் அவனை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, தாய் இழுத்து வராத குறையாக நிரஞ்சனா வந்தாள். இடைவேளையிலும் வாங்கை விட்டு எழும்பவில்லை. அபிஷன் எல்லோரையும் அவளிடம் கூட்டிவந்தான்.

"என்ர பட்டியல் பிழை. விகனும் கிண்ணம் எடுத்திருக்கு."

"ஆரை வெண்டது?" என்று கேட்டான் நிதுசன்.

அபிஷன் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டான். "சிட்டியை."

வகுப்பே அதிரச் சிரித்தது. நிரஞ்சனாவும் சிரித்துவிட்டாள்.

"உனக்கு முதலே தெரியுமோ?" என்று அபிஷன் அவளிடம் கேட்டான்.

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ கொப்பியைத்தானே பாத்தாய். என்னைக் கேக்கேல்லையே."

அபிஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிழை என்னிலதான். இண்டைக்கு விளையாட வாறியோ?"

"வாறன்," என்று எழும்பினாள் நிரஞ்சனா. "ஆனா சிட்டிக்கு எதிராத்தான்!"

அன்று சிட்டிக்குப் படுதோல்வி. அதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட சிட்டி ரசிகன் உலகத்திலேயே அபிஷன் ஒருவனாகத்தான் இருப்பான்.